தழும்பும் தொனியும்

மலையகத்து இளைஞரின் கைக்கு மின்கிற்றார் வந்துவிட்டது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பொகவந்தலாவை எனப் பல ஊர்களிலும் தோட்டத் திருவிழா மேடையிலும் கலைவிழாவிலும் திருமண வீட்டிலும் அதன் ஓசை கேட்கின்றது. இதனைக் குறித்து நம்மிடையே இரண்டு தீர்ப்புகள் ஏற்கெனவே வழங்கப்பட்டாயிற்று. மேனாட்டு மோகம், பண்பாட்டுச் சீரழிவு என்பது ஒன்று. இளைஞரின் சுவை அவர்தம் சுதந்திரம், அதிற் பிறர் தலையிட வேண்டியதில்லை என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்வோர் பழமையின் காவலர். இரண்டாவதைச் சொல்வோர் தம்மைப் புதுமையின் நண்பர் எனக் கருதிக்கொள்வோர். இருசாராரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. அந்த ஓசை யாருடையது? அது எந்த மண்ணிற் பிறந்து, யார் யார் கைமாறி, என்ன விலை ஒட்டப்பெற்று நமது லயன்களை வந்தடைந்தது? கலைவிமர்சனம் சமுதாய விமர்சனமாகவும் இருத்தல் வேண்டும் என்று கருதும் நாம் இக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியவராகின்றோம்.

முதலிற் கருவியைப் பார்ப்போம். மின்கிற்றாரின் அமைப்பு எளிமையானது. உருக்குத் தந்திகளின் கீழே காந்தம். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கி ஒலியாக்கித் தருவது மற்றொரு பெட்டி. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் புகழ்பெற்ற கிற்றாரை வெளியிட்ட லியோ ஃபென்டர், கலிஃபோர்னியாவில் வானொலி திருத்திப் பிழைத்தவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. பல இசைக்கலைஞர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு தொழில்நுட்பக் கைவினைஞர் சமைத்த பொருள் அது.

இவ்வளவு எளிய பொருளைச் சுற்றி இன்று ஒரு வழிபாடே வளர்ந்து நிற்கின்றது. கிற்றார் பயிலும் இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள். இராகம், தாளம் பற்றிப் பேசுவதிலும் அதிகமாக 'டோன்' பற்றிப் பேசுவார். நாம் அதனைத் தொனி எனலாம். ஒரே சுரத்தை இருவர் வாசித்தாலும் இருவேறாக ஒலிக்கச் செய்யும் அந்த நிறம், அந்த நயம், அதுவே தொனி. ஒரு குறிப்பிட்ட ரொக் கலைஞரின், ஒரு குறிப்பிட்ட இசைத்தட்டின், ஒரு குறிப்பிட்ட பாட்டின் தொனியைத் தம் கையிற் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற வேட்கையிலே காந்தத்தை மாற்றுகின்றனர், தந்தியை மாற்றுகின்றனர், காலால் மிதிக்கும் ஒலிமாற்றுப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்குகின்றனர். இறுதியில் அக்கலைஞர் வைத்திருந்த கிற்றாரின் நகலையே தேடிப் புறப்படுகின்றனர்.

நகல் வாணிகத்தின் உச்சியை விளங்கிக்கொள்ள எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கிலக் கலைஞரின் கிற்றாரை எடுத்துக்கொள்வோம். 1970இல் அவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றிற் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறினை வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றின் நல்ல பாகங்களைக் கழற்றிச் சேர்த்து ஒரு கிற்றாரை அமைத்துக்கொண்டார். கறுப்பு நிறத்ததாகையால் அதற்குப் 'பிளாக்கி' என்று பெயர். அதாவது, அந்த 'மூலமே' பழைய பாகங்களின் கூட்டுத்தான். அந்தக் கிற்றார் 2004இல் நியூயோர்க் ஏலத்தில் 9,59,500 டொலருக்கு விலைபோயிற்று. ஏலப்பணம் போதைக்கு அடிமையானோருக்காக அவர் நிறுவிய சிகிச்சை நிலையத்திற்குச் சென்றது என்பதையும் குறிப்பிடுதல் நியாயம்.

அடுத்து நடந்ததே நமது ஆய்வுக்கு உரியது. 2006இல் ஃபென்டர் நிறுவனம் அந்தக் கிற்றாருக்கு 275 நகல்களைச் செய்து, ஒன்று ஏறத்தாழ 20,000 டொலர் என்ற விலையில் விற்றது. நகல் என்றால் வடிவத்தில் மட்டும் நகலன்று. பதினைந்து ஆண்டுகள் கிளாப்டனின் முன்கை உராய்ந்து வண்ணம் தேய்ந்த இடத்தில், புதிய கிற்றாரின் வண்ணமும் தேய்க்கப்பட்டது. அவர் புகைத்த சிகரட்டைத் தந்தி நுனியிற் செருகிவைத்ததால் கருகிய இடமும் அவ்வாறே கருக்கப்பட்டது. புதிய கருவியைப் பழையதுபோலக் காயப்படுத்தி விற்கும் இத்தொழிலுக்கு 'ரெலிக்' என்று பெயர். 1995 முதல் அந்நிறுவனம் இதனைத் தனிவகையாகவே விற்று வருகின்றது.

இங்கே சற்று நின்று ஒரு கணக்குப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுக் காலப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் வர்த்தமானியில் இடம்பெற்றது. அன்று டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. அந்த விகிதத்தில் 20,000 டொலர் என்பது 40 இலட்சம் ரூபா. 4000 நாள் கூலி. ஆண்டில் 300 நாள் தவறாமல் வேலை கிடைத்து, உண்ணாமல் உடுக்காமற் சேர்த்தாலும் 13 ஆண்டுகளுக்கு மேலாகும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்களிலும் தேய்வுண்டு. தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த வெடிப்புகள் உண்டு. கூடையின் கயிறு அழுத்திய தடம் தலையில் உண்டு. அந்தத் தழும்புகள் உண்மையானவை. ஆயின் அவற்றுக்குச் சந்தையில் விலையில்லை. உழைக்காத பொருளின்மேல் வரையப்பட்ட போலித் தழும்புக்கோ 20,000 டொலர்.

மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகம் 1867இல் வெளிவந்தது. அதே ஆண்டிலேதான் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் வாணிபத்துக்கான தேயிலையைப் பயிரிட்டார். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும், மனித உழைப்பினால் உண்டான பொருள் உழைப்பாளியிடமிருந்து பிரிந்து, தானே ஒரு தெய்வீக ஆற்றல் உடையதுபோல மனிதர்முன் எழுந்து நிற்பதைப் பண்ட வழிபாடு என்று அந்நூல் விளக்கியதே, அதற்கு இந்தக் காயப்பட்ட கிற்றாரினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கலைஞனின் வாழ்வு, பயிற்சி, காலம் ஆகிய யாவும் மரப்பலகையின் உராய்வுக்குள் ஒடுங்கிவிட்டனவாம். பலகையை வாங்கினால் அவையும் கூடவே வருமாம்!

இவ்வாறு சொல்வதால் நாம் நகலையே இகழ்கின்றோம் என்று எவரும் எண்ணலாகாது. ஏழையின் நகல் வேறு. செல்வரின் நகல் வேறு. கல்கத்தா நகரத்துத் தொழிலாளர் செய்த கிற்றார்களுள் 'கிவ்சன்' என்பது பெயர்பெற்றது. 'கிப்சன்' என்ற அமெரிக்கப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினால் 'கிவ்சன்'. வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின் 1991க்கு முற்பட்ட இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வரிகளும் இருந்த நிலையில் அமெரிக்கக் கருவி சாதாரண மாணவருக்கு எட்டாத பொருள். அந்நிலையிற் பல்லாயிரம் இளைஞரின் விரல்கள் முதற் சுரத்தைப் பழகியது இத்தகைய உள்நாட்டுக் கருவிகளிலேதான். பெயர் இரவல், மரத்தை இழைத்த கையும் அதில் விழுந்த முதற் பிழைச்சுரமும் சொந்தம்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்த வேறுபாடு நன்கு தெரியும். 1977இல் கிப்சனின் உரிமையாளர் ஐபனெஸ் என்ற யப்பானியக் கிற்றாரின் அமெரிக்க விற்பனையாளர்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு தொனியைப் பற்றியதன்று. கிற்றாரின் தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது. நீதிமன்றத்துக்கு வெளியே அது தீர்க்கப்பட்டது. ஃபென்டர் நிறுவனமோ யப்பானிய நகல்களோடு போட்டியிட, 1982இல் 'ஸ்குவயர்' என்ற பெயரில் தன் கிற்றாரின் மலிவுப் பதிப்பை யப்பானிலேயே செய்விக்கத் தொடங்கியது. பிறர் நகல் செய்தாற் களவு. தானே செய்தால் வாணிகம். எனவே நமது தோட்டத்து இளைஞர் கொழும்புக் கடையிலே மாதக்கணக்கிற் சிப்பந்தியாக உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிவரும் பெயரில்லாத மலிவுக் கிற்றாரைப் 'போலி' என்று நகைப்போர், யாருடைய நகைப்பைத் தாம் நகைக்கின்றோம் என்று சிந்திப்பது நலம்.

இனி, அந்தத் தொனி எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு வருவோம். கிளாப்டன் தம் இளமையில் யாருடைய தொனியைத் துரத்தினார்? அவரே மறைக்காத விடை இது: அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையை. மிசிசிப்பி மாநிலத்தவரான ரொபர்ட் ஜோன்சன் 1936இலும் 1937இலும் 29 பாடல்களைப் பதிவுசெய்துவிட்டு, 1938இல் 27 வயதிலே மறைந்தார். அவர் கையில் மின்கிற்றார் இல்லை. மரக்கிற்றார் ஒன்றே இருந்தது. அவருடைய 'குறுக்குச்சாலை'ப் பாட்டை 1968இல் கிளாப்டனின் குழு மின்னிசையாக்கிப் புகழ்பெற்றது. பிளாக்கி ஏலம்போன அதே 2004இல் ஜோன்சனின் பாடல்களை மட்டுமே கொண்ட முழு இசைத்தட்டு ஒன்றையும் கிளாப்டன் வெளியிட்டார்.

ஜோன்சனினும் நமக்கு நெருக்கமானவர் மடி வாட்டர்ஸ். மிசிசிப்பியின் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்திலே வளர்ந்தவர். அங்கே உழவு இயந்திரம் ஓட்டியவர். தோட்டத்துக் கடையில் கடன்பட்டு, அறுவடைக் கணக்கில் அது கழிக்கப்பட்டு, மீண்டும் கடன்படும் வாழ்க்கை அங்கிருந்த மக்களின் வாழ்க்கை. கங்காணியிடம் கடன்பட்டு, 'துண்டு'ச் சீட்டோடு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றப்பட்ட நமது முன்னோரின் கதையை அறிந்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 1941இல் அலன் லோமாக்ஸ் என்ற ஆய்வாளர் வந்து, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவரது பாட்டைத் தோட்டத்திலேயே பதிவுசெய்தார். 1943இல் மணிக்கு 22½ சதமாக இருந்த கூலியை 25 சதமாக்கும்படி மடி வாட்டர்ஸ் கேட்டார். மேற்பார்வையாளர், நமது வழக்கிற் சொன்னாற் கணக்கப்பிள்ளை, மறுத்துவிட்டார். அவர் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்.

சிகாகோவிற் பகலில் ஆலைவேலை; இரவில் தொழிலாளர் கூடும் மதுச்சாலைகளில் வாசிப்பு. அந்த இரைச்சலில் மரக்கிற்றார் எவர் காதிலும் விழவில்லை. அதனால் 1940களின் நடுவில் அவர் மின்கிற்றாரை எடுத்தார். தந்திமேல் வழுக்கிச்செல்லும் தோட்டத்து விரல்வித்தை அவரோடு நகரத்துக்கு வந்தது. நகரத்தின் மின்சாரம் அதனைத் தொழிலாளரின் இரைச்சலுக்குமேல் உயர்த்திற்று. ரொக் இசையின் தொனி என்று இன்று விலைகூறி விற்கப்படுவதன் தாய்வேர் இதுவே. 1950இல் அவர் வெளியிட்ட 'உருளும் கல்' என்ற பொருள்தரும் பாட்டிலிருந்தே 1962இல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலக் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் என்ற இசை இதழும் தன் பெயரின் ஊற்றாக அப்பாட்டைச் சுட்டிற்று.

ஆகவே நமது தோட்டத்து இளைஞர் துரத்தும் தொனி அந்நியமானதன்று என்ற முடிவுக்கு வருகின்றோம். அது ஒரு தோட்டத் தொழிலாளியின் தொனி. கூலி உயர்வு மறுக்கப்பட்டு ஊரைவிட்டுப் போனவனின் தொனி. ஆயின் அது நம்மிடம் நேராக வரவில்லை. இலண்டன் வழியாக, இசைத்தட்டு நிறுவனங்கள் வழியாக, ஏலக்கடை வழியாக, பிறந்த இடத்தின் பெயர் அழிக்கப்பட்டு வந்திருக்கின்றது. மேனாட்டுச் சீரழிவு என்று இதனைத் தள்ளுவோர் சகதொழிலாளியின் குரலையே தள்ளுகின்றனர்; உலகக் கலை என்று வாழ்த்துவோர் அக்குரலை விற்றவனையே வாழ்த்துகின்றனர்.

பெயரழிப்பு எத்துணை ஆபத்தானது என்பதற்கு 1976 ஆகஸ்டில் நடந்தது சான்று. பர்மிங்ஹாம் மேடையிலே குடிபோதையிலிருந்த கிளாப்டன், குடியேறியோரை நாட்டைவிட்டு அனுப்பவேண்டும் என்றும், அக்கொள்கையின் முதல்வரான ஈனொக் பவலை ஆதரிக்கவேண்டும் என்றும் முழங்கினார். கறுப்பின மக்களின் இசையால் வாழ்வு பெற்றவரின் வாயில் வந்த சொற்கள் இவை. அதனை எதிர்த்தே 'இனவாதத்துக்கு எதிரான ரொக்' என்ற இயக்கம் பிரித்தானியாவில் எழுந்தது. பிற்காலத்தில் அவர் இதற்காக வெட்கமும் வருத்தமும் தெரிவித்தார். தனிமனிதரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. ஒருவர் ஒரு மக்களின் தொனியை முழுமையாகக் கைவரப் பெற்ற பின்னரும் அம்மக்களின் பக்கம் நிற்காதிருத்தல் இயலும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலே 5,25,000 பேர், 3,00,000 பேர் என்று எண்ணிப் பங்கிடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, 'வந்தவர் போகட்டும்' என்ற அச்சொற்களின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் நாம் செய்யவேண்டியது என்ன? கிற்றாரை எறிந்துவிட்டுத் தப்பை எடு என்று உபதேசிப்பது எளிது. நமது மேடைகளில் அவ்வுபதேசம் நிறையவே கேட்கின்றது. தப்பு நமது மலைகளின் உயிரோசை என்பதில் ஐயமில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு ஆளழைத்தது அது. மாசி மாதத்துக் காமன் கூத்தில் ஆடுவோர் காலுக்கு உயிரூட்டுவது அது. சாவு வீட்டில் முன்னே செல்வதும் அதுவே. தொனியைத் துரத்துவது என்றால் என்ன என்பதைத் தப்படிப்பவரிடமும் கற்கலாம். வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தோலை அனலில் வாட்டி, தட்டிப் பார்த்து, மீண்டும் வாட்டி, தம் செவி ஒப்பும் ஓசை வரும்வரை அவர் விடுவதில்லை. மலைக்குளிரில் தோல் தளரும். மறுபடியும் நெருப்பைத் தேடுவார்.

ஆனால் தப்பை எடு என்று சொல்வோர் ஓர் உண்மையை விழுங்கிவிடுகின்றனர். அதனை அடிப்போர் இன்ன சாதியாரே என்று வகுத்த முறை கடல்கடந்து வந்து லயனுக்குள்ளும் குடியேறியது. அந்த இழிவைச் சுமந்தவரின் மகன் தப்பைத் தொட மறுத்துக் கிற்றாரை எடுக்கும்போது, அதை வெறும் மேனாட்டு மோகம் என்று நாம் எழுதிவிடலாமா? கிற்றாருக்குச் சாதியில்லை. அதனைத் தோளில் மாட்டியவரை, 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டு எவரும் பந்தலுக்கு வெளியே நிறுத்துவதில்லை. அவர் துரத்துவது ஒரு புகழ்பெற்ற கலைஞரின் தொனியை மட்டுமன்று; இழிவில்லாத ஓர் இடத்தையும் சேர்த்தே துரத்துகின்றார். சாதியை ஒழிக்காமல் மக்கள் கலையைக் காக்கப் புறப்படும் முற்போக்காளர், அந்த இளைஞரிடம் பேசும் தகுதியை முதலில் தேடிக்கொள்ள வேண்டும்.

இரவல் மெட்டும் சொந்தச் சொல்லும் இணைவது நமக்குப் புதியதன்று. கோ. நடேசய்யரோடு தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்ட மீனாட்சியம்மையார், அக்காலத்து மக்களின் செவிக்குப் பழகிய மெட்டுகளிலே தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. மெட்டு எவருடையது என்று கூட்டத்திற் கேட்டவர் கவலைப்படவில்லை. பாட்டுத் தம்முடையது என்பதை அவர்கள் உணர்ந்தனர். மறுபுறம், சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அவர் மறைவுக்குப் பின் 1987இல் நூலாயிற்று. ஒருவர் புதிய மெட்டில் நம் சொல்லை வைத்தார். ஒருவர் நம் பழைய சொல்லை அழியாமற் காத்தார். இரண்டு பணிகளும் ஒன்றையொன்று வேண்டிநிற்பவை.

அண்மைக் காலத்திற் சென்னையில் நடந்த முயற்சியும் இத்தகையதே. 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு கானாப் பாடகரையும் பறையையும் மின்கிற்றாரையும் ஒரே மேடையில் அருகருகே நிறுத்தி, சாதிக்கு எதிராகப் பாடிற்று. பறையின் இழிவைப் போக்கக் கிற்றார் துணைநின்றது; கிற்றாரின் இரவல் தன்மையைப் போக்கப் பறை துணைநின்றது. அக்குழுவிற் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டை எழுதித் தீயோடு இணைந்து பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே அதன் ஊற்று. ஒப்பாரியின் சாயல் அதில் உண்டு. நமது மலையின் தொனி உலகெங்கும் ஒலித்த தருணம் அது.

ஆயின் அதே ஆண்டு ஆகஸ்டில் என்ன நடந்தது? ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அப்பாட்டைப் பாராட்டி வெளியிட்ட அட்டையில் தீயின் படமும் வேறொரு பாடகரின் படமும் இருந்தன. எழுதிய அறிவின் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனியே ஓர் இணைய அட்டை வெளியிட்டனர். ஒரு தோட்டத் தொழிலாளியின் பாட்டிலிருந்து பெயரெடுத்த இதழ், இன்னொரு தோட்டத் தொழிலாளியின் பேரனை அட்டையில் மறந்தது. மிசிசிப்பியில் நடந்த பெயரழிப்பு நமது கண்முன்னே மீண்டும் நடந்தது. சொந்தத் தொனியைக் கண்டடைந்தால் மட்டும் போதாது, அதன் உரிமைக்காகவும் நிற்க வேண்டியிருக்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாக உரைக்கும் பாடம் வேறில்லை.

இறுதியாக, ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் சில செயல்களை முன்வைக்க விரும்புகின்றேன். கிற்றார் பழகும் மாணவரைப் பழிக்காதீர்கள். மடி வாட்டர்ஸ் எந்தத் தோட்டத்தில், என்ன கூலிக்கு உழைத்தார் என்று அவருக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாடசாலையும் தன் அயல் லயன்களிலே தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துப் பாட்டும் அறிந்த மூதாட்டியரைத் தேடி, அவர்தம் இசைவுடனும் பெயருடனும் அவற்றைப் பதிவுசெய்யட்டும். அதற்கு இன்று கைப்பேசியே போதும். கலைவிழா மேடையிலே தப்பும் கிற்றாரும் சேர்ந்து ஒலிக்கட்டும். ஆனால் தப்பை அடிப்பவர் ஒரு சாதிப் பிள்ளையாக மட்டும் இருத்தலாகாது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதனை அனலில் வாட்டப் பழகட்டும். முதலில் அதைக் கையிலெடுப்பவர் ஆசிரியராக இருந்தால், மாணவருக்கு அதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை.

கையிலுள்ள கிற்றார் நகலாகவே இருக்கட்டும். அதன்மேல் விழும் தேய்வு அந்த இளைஞரின் சொந்த முன்கை உராய்ந்து விழுந்ததாக இருக்கட்டும். அதிலிருந்து எழும் பாட்டு, பிரட்டுக்களத்தில் நின்ற தாயின் பெயரைச் சொல்வதாக இருக்கட்டும்.